புகை எங்கே போச்சு, மாப்பிள்ளை?

போன மாதம் மகளும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் வெற்றிலைத் தட்டை இழுத்து வைத்துக்கொண்ட நேரம் பார்த்து, மாப்பிள்ளை தன் செல்போனை என்னிடம் நீட்டினார். திரையில் ஒரு மின்சாரக் கார். பின்னால் மலை, அருவி, போதாததற்கு ஒரு மான் வேறு. புகையே கிடையாது, மாசே கிடையாது என்கிற மாதிரி ஒரு வாசகம்.

“இதைத்தான் எடுக்கலாம்னு இருக்கேன் மாமா. பழசைக் கொடுத்துடலாம். சுற்றுச்சூழலுக்கும் நல்லது பாருங்க.”

பழசு என்று அவர் சொன்னது 2016இல் வாங்கிய பெட்ரோல் கார். இன்னும் 60,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அலுவலகத்துக்கு மெட்ரோவில் போகிற மனிதர். கோயில், கல்யாணம், பிள்ளைகளின் டியூஷன் என்று வருடத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் பெரிது.

பெட்ரோல் செலவு மிச்சம் என்று சொல்லியிருந்தால் சரி என்றிருப்பேன். சத்தமில்லாமல் போகிறது, கியர் மாற்ற வேண்டாம், முட்டிவலிக்கு நல்லது என்றாலும் சரி என்றிருப்பேன். எல்லாம் உண்மை. அவர் ‘மாசே கிடையாது’ என்ற இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அனல்மின் நிலையத்தில் 31 வருடம் உத்தியோகம் பார்த்தவனிடம் வந்து மின்சாரத்துக்குப் புகை இல்லை என்று சொல்லலாமா?

“புகை எங்கே போச்சு, மாப்பிள்ளை?” என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நம் நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இன்றைக்கும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. 2025இல், நாட்டின் மின்திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது என்று பெருமையாக அறிவித்தார்கள். பொய்யில்லை. ஆனால் அது நிறுவிய திறன். ஒரு மெகாவாட் சூரியத் தகடு ராத்திரி எட்டு மணிக்கு ஒன்றும் தராது. ஒரு மெகாவாட் நிலக்கரி ராத்திரி பகலாக ஓடும். பந்தியில் எத்தனை இலை போட்டார்கள் என்பது வேறு, எத்தனை பேர் வயிறு நிறைந்தது என்பது வேறு. மாப்பிள்ளை பார்த்த செய்தி இலைக் கணக்கு.

அந்த நிலக்கரி எங்கிருந்து வருகிறது? ஒடிசாவில் தால்சேரில் தோண்டியது ரயிலேறிப் பாரதீப் துறைமுகம் வந்து, அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். மாப்பிள்ளையின் கார் நூறு கிலோமீட்டர் போக வீட்டு மீட்டரில் 15 யூனிட் ஏறும் என்று வைத்துக்கொண்டால், கம்பி வழியே வரும்போது கழிகிற நஷ்டத்தையும் சேர்த்து நிலையத்தில் 18 யூனிட் உற்பத்தி செய்தாக வேண்டும். அதில் நிலக்கரியின் பங்கு 13 யூனிட் என்றால் ஒன்பது கிலோ நிலக்கரி, மூன்று கிலோ சாம்பல். நூறு கிலோமீட்டருக்கு மூன்று கிலோ சாம்பலை அவர் காரின் டிக்கியில் கட்டிவிட்டால் ‘மாசில்லை’ என்று எழுதுவார்களா?

சாம்பல் எப்படிப் போகிறது என்று பலருக்குத் தெரியாது. கொதிகலனிலிருந்து வரும் புகையை மின்னேற்றத் தகடுகளுக்கு இடையில் செலுத்தி, அதிலுள்ள தூளைப் பிடிக்கிற ஓர் அமைப்பு உண்டு. நாங்கள் இ.எஸ்.பி. என்போம். ஒழுங்காக வேலை செய்தால் நூற்றுக்கு 99க்கு மேல் பிடித்துவிடும். மிச்சம், 200 மீட்டருக்கு மேல் நிற்கிற சிம்னி வழியாக மேலே போய், காற்று இழுத்த பக்கம் இறங்கும். பிடித்த சாம்பலில் ஒரு பகுதி சிமென்ட் ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் போகும். மீதியைத் தண்ணீரில் கரைத்துக் கஞ்சி மாதிரி ஆக்கிக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். குளம் என்றால் தாமரைக் குளம் இல்லை. நூற்றுக்கணக்கான ஏக்கரில் கரை கட்டிய சாம்பல் வயல். கோடையில் அது காய்ந்து காற்றடித்தால் பக்கத்து ஊரில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும்.

நான் உதவிச் செயற்பொறியாளராகச் சாம்பல் பிரிவில் இருந்த காலம். எந்த நிலையம் என்பது வேண்டாம். ஒரு மே மாதம், பத்துப் பதினொரு மணிக்கு, பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வாசல் காவலைத் தாண்டி எப்படியோ என் அறை வரை வந்துவிட்டார். கையில் ஒரு முறம். முறத்தில் மிளகாய் வற்றல். சிவப்பாக இருக்க வேண்டியது சிமென்ட் நிறத்தில் இருந்தது. அதை என் மேஜை மேல், கோப்புகளுக்கு நடுவில் வைத்தார். சத்தம் போடவில்லை. “சார், உங்க குவார்ட்டர்ஸ்ல வத்தல் காயப் போட்டா இப்படித்தான் ஆகுமா?” என்று மட்டும் கேட்டார்.

எங்கள் குடியிருப்பு காற்றுக்கு எதிர்ப்பக்கம் கட்டப்பட்டது. யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். காற்று திசை மாறுகிற ஒன்றிரண்டு மாதம்தான் எங்கள் மொட்டை மாடி வேட்டி பழுப்பாகும். அதற்கே என் மனைவி அந்தக் காலத்தில் என்னைப் பேசாத பேச்சில்லை.

அந்த அம்மாவிடம் நான் சொன்ன பதில், “மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்மா.” எழுதியும் இருந்தேன். இ.எஸ்.பி.யில் இரண்டு பகுதி பழுது, குளத்தில் தண்ணீர் தெளிக்கிற மோட்டார் பழுது, நிதி கேட்டு மூன்றாவது கடிதம். உற்பத்தியை நிறுத்திப் பழுது பார்க்க அனுமதி இல்லை. கோடைக்காலம், நகரத்தில் மின்வெட்டு வரக்கூடாது. அவர் முறத்தை எடுத்துக்கொண்டு போனார். மேஜையில் வட்டமாகச் சாம்பல் இருந்தது. அதைத் துடைத்தேன், வேறென்ன செய்ய? பணி ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ‘மாசில்லை’ என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த முறம்தான்.

மாப்பிள்ளையின் ஊரிலேயே இது நடக்கிறது. அவர் இருப்பது மேடவாக்கம். அதே சென்னையின் வடக்கு ஓரத்தில் எண்ணூர். வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் கலந்து கொசஸ்தலை ஆறும் கழிமுகமும் மேடிட்டுப் போன விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. காட்டுக்குப்பத்து மீனவர்களின் படகு சாம்பல் சேற்றில் தட்டுகிறது. இறாலும் நண்டும் குறைந்துவிட்டன. செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஊர். மேடவாக்கத்தில் கார் புகை விடாமல் போனால் அந்தப் புகையில் பாதி செப்பாக்கத்தில் இறங்குகிறது. அங்கே இருக்கிறவர்களை ஆள் கணக்கில் சேர்க்காவிட்டால்தான் ‘மாசே கிடையாது’ என்று எழுத முடியும். என் கோபம் அந்த ஒரு வார்த்தையின் மேல்தான்.

கந்தக டையாக்சைடு கதை இன்னும் மோசம். 2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்கள் கந்தகத்தைக் குறைக்கும் கருவி பொருத்த வேண்டும் என்ற நிலைமை வருகிற மாதிரி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கடுமையான அளவுகளை வைத்தது. கெடு 2017. பிறகு தவணை மேல் தவணை. கடைசியில் 2025 ஜூலையில், நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே தேவையில்லை என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். கார் கம்பெனிகளை மட்டும் பாரத் ஸ்டேஜ் நான்கு, பாரத் ஸ்டேஜ் ஆறு என்று விரட்டி வேலை வாங்கினார்கள். செய்யத்தான் வேண்டும். ஆனால் காரின் வாலில் காட்டிய கண்டிப்பில் கால் பங்கையாவது சிம்னியில் காட்டியிருக்கலாம்.

இதையெல்லாம் கேட்டு, பெட்ரோல் கார் தேவலை என்கிறான் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். வ.உ.சி. மைதானத்தில் காலையில் என்னோடு நடக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். மின்சாரக் கார் பெட்ரோல் காரைவிடப் பல மடங்கு நாசம் என்று வாரம் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புவார். காங்கோவில் சுரங்கத்தில் கோபால்ட் தோண்டுகிற சிறுவனின் படம் கட்டாயம் இருக்கும். அந்தப் படம் உண்மை. உலகக் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோவிலிருந்துதான் வருகிறது. அங்கே சிறுவர்கள் கையால் தோண்டுவதைப் பற்றி 2016இல் ஆம்னெஸ்டி அமைப்பு அறிக்கையே வெளியிட்டது. ஆனால் நம் ஊரில் இன்று விற்கும் மின்சாரக் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி. அதில் கோபால்ட் கிடையாது. அந்தச் செய்தியை அனுப்பிய செல்போனின் பேட்டரியில் உண்டு! பெட்ரோலிலிருந்து கந்தகத்தை எடுக்கச் சுத்திகரிப்பு ஆலையிலும் கோபால்ட் பயன்படுகிறது. நண்பரிடம் இதைச் சொன்னேன். இரண்டு நாள் செய்தி வரவில்லை. மூன்றாம் நாள் மஞ்சளின் மகிமை பற்றி வந்தது.

ஆகவே கணக்கைத்தான் பார்க்க வேண்டும். மாப்பிள்ளையை உட்கார வைத்து, பழைய டைரியின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். அதை இங்கேயும் தருகிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் நூறு கிலோமீட்டருக்கு 14 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எண்ணெய் தோண்டி, கப்பலில் கொண்டுவந்து, சுத்திகரித்து, டேங்கர் லாரியில் பங்க் வரை கொண்டுவருகிற செலவையும் சேர்த்தால் 17 கிலோ. மின்சாரத்தில், எல்லா வகை உற்பத்தியையும் கலந்து பார்த்தால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. 18 யூனிட்டுக்கு 12½ கிலோ; நிலக்கரி தோண்டி ஏற்றி இறக்குவதையும் சேர்த்து 13 என்று வைப்போம். வித்தியாசம் நான்கு கிலோ. மின்சாரக் கார்தான் ஜெயிக்கிறது. ஆனால் நூற்றுக்கு நூறு என்று விளம்பரம் சொன்ன இடத்தில் நாலில் ஒரு பங்குதான் மிச்சம்.

இனி பேட்டரி. அதைச் செய்ய ஏராளமான மின்சாரமும் வெப்பமும் வேண்டும்; அது பெரும்பாலும் சீனாவில், அங்கேயும் நிலக்கரி மின்சாரத்தில்தான் நடக்கிறது. ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ கரியமில வாயு என்று கணக்கிடுகிறார்கள். நடுவாக 75 என்றால், 40 யூனிட் பேட்டரிக்கு 3,000 கிலோ. கார் ஷோரூமை விட்டு இறங்கும்போதே இந்தக் கடன் தலையில் இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு நான்கு கிலோ வீதம் அடைத்தால் 75,000 கிலோமீட்டர் ஓடின பிறகுதான் கடன் தீரும்.

வருடத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிற மாப்பிள்ளைக்கு அது பன்னிரண்டரை வருடம். பேட்டரிக்கு எட்டு வருடம்தான் உத்தரவாதம்.

மாப்பிள்ளை கெட்டிக்காரர். “பன்னிரண்டு வருஷத்துல கரன்ட்டும் சுத்தமாயிட்டே வருமே மாமா” என்றார். நியாயம். நம் தமிழ்நாட்டில் காற்றாலை மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் இருக்கிறது. ஆனி, ஆடியில் கயத்தாறு பக்கமோ முப்பந்தல் பக்கமோ போனால் அத்தனை இறக்கையும் சுற்றுவதைப் பார்க்கலாம். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016லேயே வந்தாயிற்று. கடன் பத்து வருடத்தில் தீரலாம், ஒன்பதில்கூடத் தீரலாம். ஆனால் அவர் வண்டிக்கு மின்னேற்றப் போவது எப்போது? ராத்திரி பத்து மணிக்கு, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு. மார்கழி மாதத்து ராத்திரியில் சூரியனும் இல்லை, காற்றும் இல்லை, எண்ணூர்தான்.

“பழைய காரை என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். விற்பார். வாங்குகிறவர் ஓட்டுவார். அதன் புகை ஊரை விட்டுப் போகாது, கைதான் மாறும். சாலையில் ஒரு கார் இருந்த இடத்தில் இரண்டு.

இப்போது அதே கணக்கை ஒரு வாடகைக் காருக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர், வருடத்தில் 300 நாள். 60,000 கிலோமீட்டர். பேட்டரிக் கடன் பதினைந்து மாதத்தில் தீர்ந்துவிடும். அதற்குப் பின் ஓடுவதெல்லாம் லாபம். மாநகரப் பேருந்து என்றால் ஒரு வண்டியில் அறுபது பேர். முருகன்குறிச்சி சிக்னலில் நாள் முழுக்க நிற்கும் போலீஸ்காரருக்கும், வண்ணாரப்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மூக்குக்கு நேரே டீசல் புகை இல்லை என்பதே பெரிய காரியம். அங்கே எனக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது. 2025 ஜூன் கடைசியில் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டபோது டி.வி.யில் பார்த்து நான் கை தட்டினேன். பேரன் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தான்.

மின்சார வண்டி நமக்கு என்ன புதிதா? சென்னைப் பட்டணத்தில் 1895லேயே மின்சார டிராம் ஓடியது. 1953இல் மூடினார்கள். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் மின்சார ரயில் 1931இல் வந்தது. நான் படித்த காலத்தில் அந்த மீட்டர் கேஜ் வண்டியில் தொங்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு போன வண்டி. அதில் யாரும் மானும் அருவியும் வரைந்து வைக்கவில்லை. இன்றைக்கு ஒரே ஒருவரை ஏற்றிக்கொண்டு இரண்டு டன் எடையில் ஒரு மின்சாரக் கார் போகிறது. அதற்குப் பச்சை நம்பர் பலகை, சாலை வரியில் சலுகை. எடை கூடக்கூட டயர் தேய்ந்து பறக்கிற தூளும் கூடும், அதற்கு மின்சாரம் பெட்ரோல் என்ற பேதம் கிடையாது. பிரேக் தூள் மட்டும் மின்சாரக் காரில் குறைவு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வரியைச் சொன்னேன் அல்லவா. மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்ட்டிலிருந்து 5 சதவீதம். அரை டன் பேட்டரி சுமக்கிற அரைக்கோடி ரூபாய்க் காருக்கும் அதே 5. அந்த வருடங்களில் எல்லாம் சைக்கிளுக்கு எவ்வளவு தெரியுமா? 12 சதவீதம். பால்காரர் மிதிக்கிற சைக்கிள்! 2025 செப்டம்பரில்தான் அதையும் 5க்கு இறக்கினார்கள். உண்மையிலேயே புகையில்லாத ஒரே வண்டிக்கு ஆறு வருடம் இரண்டு மடங்குக்கும் மேல் வரி வாங்கியவர்கள், காருக்குப் பச்சைப் பலகை மாட்டிச் சுற்றுச்சூழலைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

இந்தச் சலுகைப் பணத்தை ஊர்ப் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் கொடுங்கள். பெரிய காருக்குப் பெரிய வரி போடுங்கள், அது எதில் ஓடினாலும். சிம்னிக்குக் கொடுத்த விலக்கைத் திரும்ப வாங்குங்கள். கார் விளம்பரத்தில் ‘மாசில்லை’ என்று போடுவதைத் தடை செய்துவிட்டு, நூறு கிலோமீட்டருக்கு இத்தனை கிலோ சாம்பல் என்று போடச் சொல்லுங்கள். சிகரெட் பெட்டியில் போடச் சொல்லவில்லையா?

மாப்பிள்ளை டைரியை இரண்டு தடவை பார்த்தார். “அப்ப நான் என்னதான் மாமா பண்ணணும்?” என்றார். இருக்கிற காரை அது ஓய்கிற வரை ஓட்டுங்கள், மெட்ரோ போகிற இடத்துக்கு அதை எடுக்காதீர்கள் என்றேன். வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிற நாள் வந்தால் மின்சாரக் காரே வாங்குங்கள். சிறியதாக, சின்ன பேட்டரியாக. முடிந்தால் பகல் பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்தில் மின்னேற்றுங்கள். பின் கண்ணாடியில் ‘மாசில்லா வாகனம்’ என்று மட்டும் ஒட்டாதீர்கள்.

“ஏன், வந்த மனுஷனை நிம்மதியா ஒரு காபி குடிக்க விடமாட்டீங்களா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்ததால் அன்றைக்கு அதோடு நின்றது.

நேற்று மகள் போன் பேசினாள். பழைய காருக்கு நாலு டயரும் மாற்றியாயிற்றாம். புதுக் காருக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை. கட்டவே மாட்டேன் என்று மாப்பிள்ளை சொல்லவும் இல்லையாம்.